புதிதாக வந்தவர்கள் எழுந்து நிற்கவும்

என் வீட்டுக்காரருக்கு இருதய ஆபரேஷன் என்று முடிவானதும், அதற்கு முன் ஒரு பாஸ்டர் வந்து தலையில் கைவைத்து ஜெபிக்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டார். நாங்கள் போய்க்கொண்டிருந்த சின்னச் சபை மூடிப் பல மாதம் ஆகியிருந்தது. வேறு சபை தேடி அலைந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சபைக்குப் போனேன். பாட்டு முடிந்ததும், புதிதாக வந்தவர்கள் எழுந்து மைக்கில் பேர், ஊர், வேலை எல்லாம் சொல்லுங்கள் என்றார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். கழிப்பறைக்குப் போவதுபோல எழுந்து வெளியே வந்து ரயில் ஏறிவிட்டேன். அடுத்த வாரம் செராஸிலும் அதே கதைதான்.

கிள்ளானில் ஒரு சபைக்குள் நுழைந்தபோது மறுநாள் ஆபரேஷன். அங்கேயும் மைக் வந்தது. பக்கத்தில் இருந்த ஆன்டி என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"எழுந்திரும்மா, யாரும் கடிக்க மாட்டாங்க லா."

மைக்கை இரண்டு கையாலும் பிடித்தேன். என் பேர்கூட வாயில் வரவில்லை.

"நாளைக்கு என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேஷன். யாராச்சும் வந்து ஜெபம் பண்ணுங்களேன்," என்று அழுதுவிட்டேன்.

பாஸ்டர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "எந்த ஆஸ்பத்திரிம்மா? ஆராதனை முடிஞ்சதும் போலாம்."

"முடியுற வரைக்கும் எதுக்கு பாஸ்டர்? பாட்டெல்லாம் இவங்க பாடிக்குவாங்க," என்று ஆன்டி கார்ச் சாவியை எடுத்தார்.

பார்வையாளர் நேரம் முடிந்திருக்குமோ, உள்ளே விடுவார்களோ என்று காரில் வழியெல்லாம் பாஸ்டரையும் ஆன்டியையும் கேட்டுக்கொண்டே போனேன்.