கூப்பிடாமல் சூடேறிய எஞ்சின்

எஞ்சின்காரர் என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் தங்கையின் மூத்த மகளைப் பெண் கேட்டு வந்த அன்று. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டேன். "சாயங்காலம் எல்லாரும் லைட்டைப் போட்டா கரன்ட் பத்தாம போகும் பாருங்க, அப்ப டீசல் எஞ்சினை ஓட்டிக் கொடுக்கிறவர்" என்றார்கள். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் எஞ்சின்காரர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்யாணப் பத்திரிகையோடு போயிற்று.

இருபத்திரண்டு வருடம் அவர் கொடிதான் பறந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வரும். எஞ்சினைச் சூடேற்றி, இருபது நிமிடத்தில் மின்சாரத்தை ஏற்றிவிடுவார். "நான் லீவு போட்டா நீங்கல்லாம் இருட்டில தடவணும்" என்று சொல்லிக் காலரை இழுத்து விட்டுக்கொள்வார்.

அப்புறம்தான் அவர் சகலைக்கு, அதாவது என் தங்கையின் இளைய மருமகனுக்கு, எஞ்சின் நிலையத்துக்கு அடுத்த காலி மனையிலேயே வேலை கிடைத்தது. கப்பலில் ஏற்றுகிற சரக்குப் பெட்டி மாதிரி நாற்பது பெட்டி, உள்ளே பூராவும் பேட்டரி. பகலில் சூரியத் தகடுகளில் மிஞ்சுகிற மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் திருப்பித் தரும். முதலில் யானை விலை என்று சிரித்தார்கள். வருடா வருடம் விலை இறங்க இறங்க, சிரித்தவர்கள் வாய் மூடிக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

"என்ன சகலை, பெட்டிக்கடை எப்படிப் போகுது?" என்று ஆரம்பித்தார் எஞ்சின்காரர்.

"ஏதோ ஓடுது அண்ணே. இன்னும் இருபது பெட்டி வருது."

"வரட்டும், வரட்டும். நாலு மணி நேரத்துக்கு மேல தாங்குமா? அப்புறம் எங்கிட்டத்தானே வரணும்."

"வரணும்தான். ஆனா தினமும் அந்த நாலு மணி நேரம்தானே அண்ணே கரன்ட்டுக்கு இழுபறி?"

சகலையின் பெண்டாட்டி சின்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நானாவது சும்மா இருந்தேனா? "சின்ன மாப்பிள்ளை கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள கரன்ட் கொடுத்திடுறாராமே, உங்களுக்கு எதுக்கு இருபது நிமிஷம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. பாதித் தட்டோடு எழுந்து கை கழுவினார்.

அந்தச் சமயத்தில் ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. நாள் கணக்கில் மேகம் மூடிக்கொண்டால் பேட்டரியை நிரப்ப வழியில்லை. அதற்காக, இருக்கிற இரண்டு டீசல் நிலையங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வார்களாம். எதில் யூனிட் விலை குறைவோ அது தங்குமாம். தன் நிலையம்தான் தங்கும் என்று எஞ்சின்காரர் மார் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளிலிருந்து மனிதர் ஒரு காரியம் செய்தார். யாரும் கூப்பிடாமலே தினமும் மதியம் மூன்று மணிக்கு எஞ்சினைச் சூடேற்றி வைத்தார். போன் வந்தால் பெட்டிகளுக்கு முன்னால் பாய்ந்துவிட வேண்டும் என்ற வேகம். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சகலை கேட்டிருக்கிறார்: "அண்ணே, இப்பவே புகை தெரியுதே, யாரு கூப்பிட்டா?"

"உன் பெட்டியைப் பாரு."

சகலையும் தன் பெண்டாட்டியைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. போனோ வாரம் ஒரு தரம்கூட வரவில்லை. கட்டுப்பாட்டு அறையில் மலிவானதைத்தான் முதலில் எடுப்பார்கள். எஞ்சின் சும்மா குடித்த டீசலெல்லாம் அவர் விற்ற கொஞ்சநஞ்ச மின்சாரத்தின் தலையில் ஏறி, யூனிட் விலை எகிறியது. எட்டு மாதம் அப்படிப் போனது. ஒரு நாள் மேலதிகாரி கணக்குத் தாளும் கையுமாக வந்தார். இன்னொரு நிலையம்தான் தங்கும் என்று சொல்லிவிட்டார்.

எஞ்சின்காரர் நேரே என் வீட்டுக்கு வந்தார். "யாரு அத்தை கோள் சொன்னது? அவன்தானே?"

"யாரும் சொல்லல மாப்பிள்ளை. நீங்க ஊத்தின டீசலே சொல்லிடுச்சு."

"அவன் பெட்டி முன்னாடி நான் கிழவனா நிக்கணுமா அத்தை?" என்றார். வந்த வழியே போய்விட்டார். எனக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. அந்த இருபது நிமிஷத்தைக் குத்திக் காட்டியவள் நான்தானே.

எஞ்சின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெட்டிகளைக் குளிர வைக்கிற இயந்திரங்களைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது; சகலைதான் சொல்லிச் சேர்த்துவிட்டார். அதையும் எஞ்சின்காரர் இன்றுவரை மன்னிக்கவில்லை. இப்போது அந்தப் பேட்டரி நிலையத்தில், சகலைக்குக் கீழே, காலை ஷிப்டில் வேலை பார்க்கிறார்.