டோல்காரா, இரண்டு அங்குலம்

அவிஸ் பெல்லமியைப் பொறாமைக்காரி என்று நான் சொன்னால் ஊரில் யாரும் என்னோடு சண்டைக்கு வரமாட்டார்கள். அவளே வரமாட்டாள். ஆமாம், அதற்கென்ன இப்போது என்று கேட்டுவிட்டு டீயை உறிஞ்சுவாள். பத்தொன்பது வருஷம் டார்லிங் ஆற்றில் எங்கள் டோல்காரா ஊர் அளவுக்கம்பத்தைப் படித்தவள் அவள். தினமும் காலை ஒன்பது மணிக்குக் கரையிறங்கி, கம்பத்தில் தண்ணீர் எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டு நேரே என் தபால் ஆபீசுக்கு வருவாள். நான் அதைத் தந்தியில் சிட்னிக்கு அனுப்புவேன். ஊருக்குத் தபால், தந்தி, டெலிபோன் எல்லாம் நான் ஒருத்திதான்.

சாயங்காலம் ஆறே முக்காலுக்கு ரேடியோவில் ஆற்று மட்டம் வாசிப்பார்கள். முதலில் மர்ரே ஆறு, அப்புறம் மரம்பிட்ஜி, லாக்லன், கடைசியில் போனால் போகிறதென்று டார்லிங். அந்த ஐந்து நிமிஷம் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கரண்டிச் சத்தம்கூடக் கேட்காது.

அவிஸுக்கு மர்ரே என்ற பேரைக் கேட்டாலே வயிறு எரியும். காரணம் ஆறு அல்ல, தங்கை. நோலா அவளைவிட நாலு வயது இளையவள். இருநூற்றைம்பது மைல் தெற்கே, மர்ரே கரையில் ஆரஞ்சுத் தோட்டக்காரன் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அவிஸ் கட்டியது எங்கள் ஊர் ஆட்டுரோமம் கத்தரிக்கிறவனை. அவனும் நாற்பது வயதில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். நோலா கடிதம் போட்டால் அவிஸ் என் கவுண்டரிலேயே பிரித்து, எனக்குக் கேட்கிற மாதிரி வாசிப்பாள். வீட்டு முன்னால் புல்தரை போட்டிருக்கிறாளாம். காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் தெளிக்கிறாளாம். இதை வாசிக்கும்போது அவிஸின் குரல் அப்படியே இறங்கிவிடும். நாங்கள் குளிக்கிற தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும், அதையும் மூன்று பேர் குளித்த பிறகு தக்காளிச் செடிக்கு ஊற்றுவோம். இவள் புல்லுக்கு ஊற்றுகிறாளாம்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நோலா ஒரு பெட்டி ஆரஞ்சோடு வருவாள். நல்ல பெண்தான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு தடவை கரையில் நின்று வெடித்துக் கிடந்த சேற்றைப் பார்த்து, இதையும் வரைபடத்தில் நீலக் கோடாகத்தான் போட்டிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டாள். விளையாட்டாகக் கேட்டதுதான். அவிஸ் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பழம்கூடத் தின்னவில்லை. அத்தனையையும் எனக்கும் வெஸ் வீட்டுக்கும் கொடுத்துவிட்டாள்.

வெஸ் பார்கின்ஜி ஆள், இந்த மண்ணின் பூர்வகுடி. இந்த ஆற்றுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் பாக்கா. வெள்ளைக்காரன் டார்லிங் என்று பேர் வைப்பதற்கு எத்தனையோ காலம் முன்னாலிருந்தே அவர்களுடைய ஆறு. அவிஸைக் கிண்டல் செய்வதென்றால் அவனுக்கு ஒரே கொண்டாட்டம். வறண்ட வருஷங்களில் அவள் நோட்டோடு கரையிறங்கும்போது, “என்ன அவிஸம்மா, இன்னைக்கு எத்தனை அடி மண்ணு?” என்பான். அவளும் முகம் மாறாமல், நேற்றைய அளவேதான் என்பாள்.

அந்தக் கடைசி வறட்சியில் நானூறு நாள் அவள் நோட்டில் ஒரே வார்த்தைதான். ஓட்டமில்லை. ஓட்டமில்லை. ஓட்டமில்லை. ஆங்காங்கே குட்டையில் நின்ற தண்ணீர் தவிர ஆறே இல்லை. அதையும் தினம் தந்தியில் அனுப்பிக்கொண்டுதான் இருந்தோம். ஒருநாள் ரேடியோக்காரர், நேரத்தை மிச்சப்படுத்த இனிமேல் ஓட்டமில்லாத ஊர்களை வாசிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, மர்ரேயில் படகுப் போட்டி நடக்கப்போகிற செய்திக்குப் போனார். மறுநாள் அவிஸ் வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. அன்றைய தபாலில் நோலாவின் கடிதமும் வந்து தொலைந்தது. அவர்கள் மோட்டார் படகு வாங்கியிருக்கிறார்களாம்.

அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை அவிஸ் கவுண்டரில் நோட்டை வைத்தாள். இரண்டு அங்குலம், ஏறுகிறது என்று எழுதியிருந்தது. நான் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆற்றின் மேல்பக்கம் எந்த ஊரிலிருந்தும் தண்ணீர் வருகிறது என்று எனக்குப் போன் வரவில்லை. நான் அவளைப் பார்த்தேன், அவள் மைக்கூட்டைப் பார்த்தாள்.

“அவிஸ், இது என்ன?”

“நோட்டுல இருக்கிறத அனுப்பறதுதானே உன் வேலை?”

அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், ஆனால் அனுப்பினேன். அன்று சாயங்காலம் ரேடியோ, “டார்லிங்: டோல்காரா, இரண்டு அங்குலம், ஏறுகிறது” என்று வாசித்தது. ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரோ பீர்ப் பீப்பாயைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று மதுக்கடையில் பேச்சு. அவிஸ் மட்டும் வீட்டில் ரேடியோ முன்னால் கைகட்டி உட்கார்ந்து, தன் ஊர்ப் பேரை ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். அதோடு முடிந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் நோலாவின் கார் வந்து நின்றது. விடியுமுன் கிளம்பி இருநூற்றைம்பது மைல் புழுதியில் ஓட்டி வந்திருக்கிறாள். பின்சீட்டில் இரண்டு மடக்கு நாற்காலி, பிளாஸ்க், ஒரு டப்பா கேக். தலையில் நல்ல தொப்பி. தண்ணீர் வந்துவிட்டதா, காய்ந்த ஆற்றில் முதல் முதலாக வருகிற தலைத் தண்ணீர் தாண்டிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். நானும் ஆபீசைச் சாத்திவிட்டுப் பின்னால் போனேன். கீழே வெடித்த சேறும் செத்த சிப்பியும் கிடந்தன.

“தண்ணி எங்கக்கா?”

அவிஸ் ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். வந்ததாம், வற்றிவிட்டதாம். நோலாவும் டார்லிங்கில் பிறந்து வளர்ந்தவள்தானே. ஈரமில்லாத மண்ணைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அழுதாள்.

“உனக்கு ஞாபகம் இருக்காக்கா, நமக்கு நாலும் எட்டும் வயசு. காஞ்ச ஆத்துல தலைத் தண்ணி வருதுன்னு அப்பா உன்னத் தோள்ல தூக்கிட்டுப் போனாரு. எனக்கு அம்மை, படுக்கையில கெடந்தேன். திரும்பி வந்து நீ சொன்ன. தண்ணி வாய் வச்சு மண்ணத் தின்னுக்கிட்டே வந்துச்சுன்னு. அதுக்கப்புறம் நான் கல்யாணமாகிப் போற வரைக்கும் ஆறு காயவே இல்ல. நான் இன்னி வரைக்கும் பாக்கல.”

“உனக்குத்தான் வாசல்லயே மர்ரே ஓடுதே.”

“எங்க ஓடுது? அணை போட்டுக் கட்டி வச்சிருக்காங்க. வருஷம் பூரா ஒரே மட்டம், தொட்டித் தண்ணி மாதிரி. வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது. உம்மேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா?”

இந்த ஒரு வார்த்தைக்காக அவிஸ் எத்தனை வருஷம் காத்திருந்தாளோ. இன்னொருத்தியாக இருந்தால் தங்கையைக் கட்டிக்கொண்டு தானும் அழுதிருப்பாள். அவிஸின் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை நான் கிட்டத்தில் நின்று பார்த்தேன், எனக்கே கூசியது. அடுத்த தடவை நிஜமாகவே தண்ணீர் வந்தால் முதல் போன் உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்து நோலாவை அனுப்பிவைத்தாள். சிட்னியிலிருந்து விளக்கம் கேட்டு வந்த தந்திக்கு, கண் பிசகிவிட்டது என்று பதில் போட்டோம். மறுநாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே நோட்டைக் கொண்டுவந்தாள். ஓட்டமில்லை என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

ஏழு மாதம் கழித்து மேலே குயின்ஸ்லாந்தில் அடைமழை. எங்கள் வழக்கம், தலைத் தண்ணீர் எந்த ஊரைத் தாண்டுகிறதோ அந்த ஊர் அடுத்த ஊருக்குப் போன் செய்யும். காய்ந்த படுகையில் தண்ணீர் மனுஷன் நடக்கிற வேகத்துக்குக்கூட வராது, மண் குடித்தது போகத்தான் வரும். திங்கட்கிழமை எனக்குப் போன் வந்தது. வியாழன் காலையில் தண்ணீர் டோல்காராவில் இருக்கும்.

அவிஸிடம் சொல்லிவிட்டு, நோலாவுக்கு ட்ரங்க் கால் போடட்டுமா என்று கேட்டேன். லைன் கெட்டிருக்கும் என்றாள். லைனைப் பார்த்துக்கொள்கிறவளிடமே சொல்கிறாள், எவ்வளவு துணிச்சல். செவ்வாயன்று கேட்டேன். தோட்டத்தில் பழம் பறிக்கிற நேரம், அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றாள். புதன்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை.

“நீ வாக்குக் குடுத்திருக்க அவிஸ். இன்னிக்குச் சொன்னாக்கூட அவ வந்துடுவா.”

“அவளுக்குப் புல்தரை இருக்கு, படகு இருக்கு, புருஷன் இருக்கான். எனக்குன்னு இது ஒண்ணுதான் இருக்கு ஹில்டா. இதையும் பங்கு போடச் சொல்றியா?”

நோலாவின் நம்பர் எனக்கு மனப்பாடம். கை இணைப்புப் பலகைக்குப் போய்ப் போய்த் திரும்பியது. ஆனால் அடுத்தவர் வீட்டுக் காரியத்தில் டெலிபோன்காரி தானாக நுழைந்தால் அப்புறம் ஊரில் குடியிருக்க முடியாது. சும்மா இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஊரே கரையில். பள்ளிக்கூடத்துக்கு லீவு, கடைக்குப் பூட்டு. பத்து மணிக்கு வளைவில் அது வந்தது. ஒரு சாண் உயரம்கூட இல்லாத பழுப்பு நுரை விளிம்பு. முன்னால் சருகையும் சுள்ளியையும் தள்ளிக்கொண்டு, சிலந்தியும் வண்டும் உயிருக்குப் பயந்து ஓட, உஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டு. ஒவ்வொரு வெடிப்பிலும் கடகடவென்று இறங்கி, அதை நிரப்பிவிட்டு மறுபடி நகரும். வெஸ் பூட்ஸைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, பேரப்பிள்ளைகளோடு அதற்கு ஓர் அடி முன்னால் நடந்து போனான். நாய்கள் அதைப் பார்த்துக் குரைத்தன. நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. நடுவில் திரும்பிப் பார்த்தால் அவிஸ் எங்களோடு இல்லை. மேலே ரோட்டோரத்தில் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றாள். வெயில் கூசுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் இறங்கி வந்து கம்பத்தைப் படித்தாள். சாயங்காலம் ரேடியோ எங்களை ஒரு அடி நாலு அங்குலம் என்று வாசித்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அவிஸ் என் கவுண்டரில் நோட்டை வைத்துக்கொண்டிருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு நோலா உள்ளே வந்தாள். காலில் செருப்பில்லை. முழங்கால் வரை சேறு, பாவாடை விளிம்பெல்லாம் சேறு. கையில் ஆரஞ்சுப் பெட்டி.

 நீ எப்போது வந்தாய் என்று அவிஸ் கேட்டாள்.

நோலா நிதானமாகச் சொன்னாள். அந்தப் பொய்யான இரண்டு அங்குலத்துக்கும் முன்னாலிருந்தே தினம் ஆறே முக்காலுக்கு டார்லிங் மட்டம் கேட்காமல் அவள் சாப்பிட்டதில்லையாம், எப்போதாவது அக்கா ஊர்ப் பேர் வராதா என்று. திங்கட்கிழமை மேலே உள்ள ஊர்களின் அளவைக் கேட்டதும் கணக்குப் போட்டுவிட்டாள். புதன்கிழமையே கிளம்பிவிட்டாள். எங்கள் ஊருக்கு ஏழு மைல் கீழே, ஆடுகளை ஆறு கடத்துகிற பழைய துறையில் காரிலேயே தங்கியிருக்கிறாள். தண்ணீர் எங்களைத் தாண்டி இன்று விடிந்ததும் அங்கே போயிருக்கிறது. தன்னந்தனியாக அதற்கு முன்னால் கால் மைல் நடந்தாளாம்.

“ஏழு மைல்தானே, வீட்டுக்கு வர்றதுக்கென்ன?” என்று கேட்டது நான்தான். எனக்கு எப்போதுமே வாய் முந்திக்கொள்ளும்.

நோலா என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

“போன் வரும்னு புதன் காலை வரைக்கும் வீட்டுல பாத்தேன். வரல. அக்காவுக்கு இத தனியாப் பாக்கணும்னு இருக்கு, கெடுக்க வேணாம்னு நெனச்சேன். ஆறு கீழயும்தானே வரும், நான் அங்கயே பாத்துக்கறேன்னு நின்னுட்டேன்.” பெட்டியைக் கவுண்டரில் வைத்தாள். “உனக்கு எப்படிக்கா இருந்துச்சு? அப்பா தோள்ல இருந்து பாத்த மாதிரியே இருந்துச்சா?”

 அவிஸ் நோட்டைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

“நான் பாக்கலடி. எங்க நீ வந்துடுவியோன்னு ரோட்டையே பாத்துட்டு நின்னேன். திரும்பறதுக்குள்ள அது தாண்டிப் போயிடுச்சு.”

நான் தந்தி அடிக்கிற சாக்கில் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். பின்னால் நோலா பெட்டியைப் பிரித்து ஒரு பழத்தை உரிக்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பியபோது அவிஸ் அழுதுகொண்டே தின்றுகொண்டிருந்தாள்.