ஏழு நிறத்தில் எரியும் பெட்டி

ஐம்பது வயதில் கார் ரேஸ் விளையாட ஆசைப்பட்டு, கையிலிருந்த காசுக்குள் பாகம் பாகமாக வாங்கி ஒரு கேமிங் கம்ப்யூட்டர் பூட்டப் போனேன்.

"முதல்ல நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒண்டப் பாருங்க நானா, கேம் ஓடுறதே அதுலதான்" என்றார் கல்முனைக் கடைக்காரர்.

நாலு புத்தகம் படித்தவன், கேட்டிருக்கலாம். ஆனால் வீடு பூச்சுக் காணாமல் நிற்க, வாசல் கேற்றுக்குக் காசைக் கொட்டும் ஊர்க்காரன் நான். வீட்டு ஹோலுக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டுமே என்று, கம்ப்யூட்டரை அடைக்க, ஏழு நிறத்தில் எரியும் கண்ணாடிப் பெட்டியைத்தான் முதலில் எடுத்தேன்.

மிச்சக் காசுக்குக் கிடைத்தது, ஒலுவில் கடற்கரை வீடொன்றில் கிடந்த பழைய கிராபிக்ஸ் கார்ட். உப்புக் காற்றில் துருவேறி, உள்ளே பல்லி முட்டையும் கரப்பான் எச்சமுமாய் நாறியது. கையில் அகப்பட்ட ஒரு பிரஷால் சுரண்டினேன். அது நான் பல் துலக்கும் பிரஷ் என்பது மறுநாள் பல் துலக்கிய பிறகுதான் விளங்கியது.

எல்லாம் பூட்டி விளையாட்டைப் போட்டால், கார் ஓடவில்லை. விக்கி விக்கி நின்றது. பெட்டி மட்டும் மினுங்கோ மினுங்கென்று மினுங்கியது. பார்க்க வந்த மச்சான் அதைச் சுற்றி வந்தார்.

"கலியாண வீட்டு லைட்டெல்லாம் சோக்கா இரிக்கி மச்சான். மாப்பிளையத்தான் காணல்ல."

பெட்டியின் கண்ணாடியில் என் முகம் ஏழு நிறத்திலும் தெரிந்தது. ஒன்றிலும் பார்க்கச் சகிக்கவில்லை.