சேர்மனம்மாவுக்காக நான் எழுதிய மனுக்கள்

எண்பதுகளின் நடுவில் நடந்த தேர்தலில் எங்கள் ஒன்றியத்துக்கு ஒரு புளி வியாபாரி சேர்மன் ஆனார். சந்தையில் கடை போட்டிருந்த பெண்மணி. கட்சி கிடையாது. மொரப்பூர்ப் பக்கம் ஊர் ஊராகப் பஸ்ஸில் போய், "வூட்டுல அடி வாங்கறவங்க எப்ப வேணா எங்கிட்ட வரலாம்" என்று சொல்லியே ஓட்டுக் கேட்டார். ரோடு போடுகிறேன் என்றவர்கள் தோற்றார்கள்.

நான் ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தர். பி.ஏ. படித்தவன். செவ்வாய்க்கிழமைகளில் அவரைத் தேடி வரும் பெண்களுக்கு மனு எழுதுவது என் வேலையானது. முதல் மனுவை நல்ல தமிழில் எழுதி வாசித்தேன்: "மனுதாரருக்கும் அவர்தம் கணவருக்கும் இடையே மனத்தாங்கல் ஏற்பட்டு..."

சேர்மனம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "சார், இதுல அடி எங்கீங்க இருக்குது?"

எதால் அடித்தான், எங்கே பட்டது, யார் பார்த்தார்கள் எல்லாம் எழுதவேண்டும். அந்தத் தாளோடு பெண்ணையும் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார். ரசீது கொடுக்கும்வரை பெஞ்சை விட்டு எழமாட்டார். ஒன்றியக் கூட்டத்தில் சண்டை போட்டு, அலுவலக வளாகத்தில் காலியாகக் கிடந்த விதைக் கிடங்கைப் போக்கிடமில்லாத பெண்கள் தங்குவதற்கு வாங்கினார்.

"உங்க சேர்மனம்மா இன்னிக்கு எத்தன புருசனுங்கள உள்ள வெக்கப்போறாங்களாம்?" என்பார் பக்கத்து மேசைக்காரர். நானும் சிரிப்பேன். நானும் மனைவியை அடிக்கிறவன் என்பது அவருக்குத் தெரியாது. அத்தனை மனுக்களை எழுதியும், அந்த ஆண்கள் வேறு, நான் வேறு என்றே நினைத்திருந்தேன். அவர்கள் குடித்துவிட்டு அடித்தார்கள், நான் குடிப்பதில்லை. அவ்வளவுதான் என் நியாயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, களி கட்டி தட்டிப்போயிருந்தது என்று குடையால் அடித்துவிட்டு அலுவலகம் வந்தேன். பதினோரு மணிக்கு வரிசையில் என் மனைவி நின்றாள், இடுப்பில் மகளோடு. சேர்மனம்மா அவளை அதற்குமுன் பார்த்ததில்லை.

"உக்காரும்மா. சார், எழுதுங்க."

பேனாவைப் பிடித்தேன். வழக்கத்தை மறந்து, "சிறு மனத்தாங்கல்" என்று தொடங்கினேன். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இதுல அடி எங்கீங்க இருக்குது?" என்றவர் அவள் பக்கம் திரும்பினார். "எதால அடிச்சான் கண்ணு?"

"அதோ, சார் மேசையில சாஞ்சிருக்குதே, அந்தக் கொடைங்க."

சேர்மனம்மா குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். "எழுதுங்க" என்றார். குடை, இடது தோள், பார்த்தது மூன்று வயது மகள், கணவர் பெயர், உத்தியோகம் எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதினேன். ஸ்டேஷனுக்கு இப்போது வேண்டாம் என்று மனைவி சொல்ல, சேர்மனம்மா தாளை மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

மனைவி விதைக் கிடங்கில் தங்கினாள். என் ஜன்னலுக்கு நேரே அதன் கதவு. மகள் வாசலில் விளையாடுவாள். என்னைப் பார்த்தால் உள்ளே ஓடிவிடுவாள். அதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் திரும்பி வருவார்களா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. ஒரு மாதம் கழித்து மனைவியே சேர்மனம்மாவிடம் தன் முடிவைச் சொன்னாள்: "வூட்டுக்குப் போறேங்க. ஆனா அந்தத் தாளு உங்ககிட்டயே இருக்கட்டும். மறுபடி கை நீட்டுனா ஸ்டேஷனுக்குக் குடுத்துடுங்க."

நான் மறுபடி கை நீட்டவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. முதலில் பயத்தால்தான் நீட்டவில்லை. பயம் எப்போது வெட்கமாக மாறியது என்று தெரியவில்லை.

பதவிக்காலம் முடிந்தபின் அடுத்த தேர்தல் வர வெகுகாலம் ஆயிற்று. சேர்மனம்மா புளிக்கடைக்குத் திரும்பினார். போகும்போது தாளை என் மனைவியிடம் கொடுத்தார். அவள் அதை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தாள். அப்புறம் வீட்டில் அடி விழாததாலோ என்னவோ, அந்தக் காலைப்பொழுது தனக்கு நினைவில்லை என்கிறாள் மகள். அதற்காகவே நான் சேர்மனம்மாவுக்குக் கடமைப்பட்டவன். ஓய்வுபெற்ற வருடம் கடைக்குப் போய் அதைச் சொன்னேன்.

"எனக்கெதுக்குங்க சார்? அன்னிக்குக் கொழந்தையத் தூக்கிட்டு பஸ் ஏறி வந்தாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து அதையே மனைவியிடம் சொன்னேன். அவள் ரேஷன் கார்டு உறையை எடுத்து வந்தாள்.

"அந்தத் தாளு இன்னும் இருக்குதுங்க. கிழிச்சுடட்டுமா?"

"இருக்கட்டும்" என்றேன்.