அவங்க ஊரு நாடகம்

ஆறு மாதப் படிப்புக்காக ஜப்பானிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்திருக்கும் யூயிக்கு இன்று தேராவின் பழைய கடைத்தெருக்களைச் சுற்றிக் காட்டினேன். ஆப்ரா படகில் அக்கரைக்குப் போய்வந்து வாப்பாவின் கடையில் டீ குடித்தோம்.

அங்கேதான் மாட்டினோம்.

"இன்னைக்கு இங்க அவங்க ஊரு நாடகம் நடக்குதாம். பிள்ளைக்கு ஊரு ஞாபகமா இருக்கும், கூட்டிட்டுப் போ" என்று வாப்பா இரண்டு டிக்கெட்டை நீட்டினார்.

முதல் வரிசை, நட்டநடு இருக்கை. முகமூடி போட்ட ஒருவர் மேடையைக் கடப்பதற்குள் என் இடது கால் மரத்துவிட்டது. எழுந்தால் பாதி வரிசை எழுந்து வழிவிட வேண்டும். யூயி கண்கூட இமைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மனம் நோகக் கூடாதே என்று நானும் நிமிர்ந்தே இருந்தேன்.

வெளியே வந்ததும், எனக்குப் பிடித்ததா என்று மெதுவாகக் கேட்டாள். இந்த மாதிரி நாடகத்தை அவளும் இன்றுதான் முதல்முறை பார்க்கிறாளாம். வாப்பா வருத்தப்படுவாரே என்றுதான் வந்தாளாம். தூங்கிவிடாமல் இருக்க உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாளாம். சிவந்த கையைக் காட்டினாள்.

அழைத்துப்போக வாப்பா காரில் வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டார். யூயி தலையைக் குனிந்து, "வெரி நைஸ், அங்கிள்" என்றாள். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

"எனக்குத் தெரியும்மா. நாளைக்கு வேற நாடகமாம், இதைவிடப் பெருசு. நானும் வர்றேன். மூணு டிக்கெட் சொல்லிட்டேன்."

தப்பிக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வயிற்றுவலி மட்டும் வேண்டாம். காரைவிட்டு இறங்கும்போதே அதை யூயி எடுத்துக்கொண்டாள்.