சேதராப்பட்டு சாலை பாரின் சுறாப்புட்டு

நான் குடிப்பதில்லை. ஆனாலும் ஞாயிறு மதியம் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து மனைவியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சேதராப்பட்டு சாலையில் உள்ள ஒரு பாருக்குத்தான் சாப்பிடப் போவேன். அங்கே கிடைக்கும் சுறாப்புட்டு இந்த ஊரின் எந்தப் பெரிய ஓட்டலிலும் கிடையாது. குருசுக்குப்பத்திலிருந்து வரும் சமையல்கார அம்மா, காலையில் கரைக்கு வந்த சுறா இல்லையென்றால் அன்றைக்குப் புட்டே போடமாட்டார்.

சென்னையில் இருக்கும் என் மைத்துனனுக்குப் பாண்டி என்றாலே ஒரு நமுட்டுச் சிரிப்பு. "மாமா, வரும்போது ரெண்டு பாட்டில்" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் அவன் இங்கே வந்தபோது நேராக அந்த பாருக்கே கூட்டிப்போனேன். பீர் வாங்கிக்கொண்டான். பூண்டு மணக்க, ஆவி பறக்கப் புட்டு வந்தது. ஒரு வாய் வைத்தவன் தட்டு மேல் தட்டாகக் கேட்டான். பீர் நுரை அடங்கி அப்படியே இருந்தது.

இந்த ஞாயிறு சென்னை போவதாக இருந்தோம். நேற்று அவனுக்குப் போன் செய்து, "எத்தனை பாட்டில்?" என்று நானே கேட்டேன்.

"பாட்டில் இங்கயே கிடைக்குது மாமா. அந்தம்மா அன்னிக்குப் புட்டு போட்டா வாங்கிட்டு வாங்க. போடலன்னா அடுத்த வாரம் வாங்க."