குளத்தில் மாப்பிள்ளை பார்த்தது

என் அம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்தது படகில் வைத்து. சிரிக்காதீர்கள். எட்டு வயதில் அதைக் கூடவே இருந்து பார்த்த எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி எனக்குத்தான் தெரியும்.

அப்பா இறந்தபின் டெய்லர் கடை வைத்து என்னை வளர்த்தவள் அம்மா. மறுகல்யாணப் பேச்சை எடுத்தாலே, "இன்னொருத்தரு சொல்றதுக்கெல்லாம் தலையாட்ட என்னால ஆகாதுங்கக்கா" என்று எழுந்துவிடுவாள். பெரியம்மா விடுகிற ஆளா? கணபதி என்கிற ஊரில் லேத் பட்டறை வைத்திருந்த, மனைவியை இழந்த ஒருவரைப் பிடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்தால் தெருவே வேடிக்கை பார்க்குமென்று, எனக்குப் படகு காட்டுகிற சாக்கில் சிங்காநல்லூர் குளத்துக்கு வரச் சொன்னாள். அம்மா வேண்டாமென்றால் அத்தோடு பேச்சு முடிந்தது என்று வாக்கும் கொடுத்தாள்.

படகுக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். "நாமளே போட்டுக்கலாமுங்க" என்று கணபதிக்காரர் இரண்டு துடுப்பையும் எடுத்தார். அம்மா ஒன்றை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நான் எதிர்ப்பலகையில் ஒட்டிக்கொண்டேன்.

அவர் ஓர் இழு இழுத்தார். அடேயப்பா, என்ன பலம்! படகு நேரே போகாமல் அம்மா பக்கமாகச் சுற்றியது. இன்னும் வேகமாக இழுத்தார், இன்னும் வேகமாகச் சுற்றியது. கடைசியில் ஆகாயத்தாமரைக்குள் போய்ச் செருகிக்கொண்டது. கரையில் பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். முழுகப்போகிறோம் என்று நான் ஓவென்று அழுதேன்.

"நிறுத்துங்க!" என்றாள் அம்மா.

என் அழுகையே நின்றுவிட்டது. அம்மா ஓர் ஆம்பளையை அதட்டி நான் கேட்டதே இல்லை.

"நீங்க பாட்டுக்கு இழுத்தா, நான் எதுக்குங்க இங்க?"

போச்சு, மனுஷன் எகிறப்போகிறார் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். "செரிங்க. நீங்க போடுங்க, பாத்துட்டே நானும் போடறனுங்க" என்று அவர் குரல் கேட்டது.

அப்புறம் நடந்ததுதான் அவமானம். அம்மா துடுப்பைத் தூக்கும்வரை அவர் காத்திருந்தார். அம்மா மெல்ல இழுத்தால் அவரும் மெல்ல இழுத்தார். அம்மா மூச்சு வாங்கினால் அவரும் நிறுத்தினார். பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதினால் எங்கள் டீச்சர் முட்டி போட வைப்பார். இந்த ஆளைக் கேட்பாரில்லை. ஆமை வேகத்தில் படகு கரை சேர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா என்னைத்தான் முதலில் பிடித்தாள். "ஏங்கண்ணு, அந்த மாமா எப்படி?"

"அவருக்குப் பலமே இல்லீங்க பெரிம்மா. இருந்ததெல்லாம் மொதல்லயே தீந்துபோச்சு. அப்பறம் அம்மா எவ்வளவு போட்டாங்களோ அவ்வளவுதான் போட்டாரு."

பெரியம்மாவின் முகம் செத்துப்போனது. ஆள் தொலைந்தார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"செரின்னு சொல்லிப்போடுங்கக்கா" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணால் பார்த்த சாட்சி நான்! சொன்னது காதில் விழவில்லை போலிருக்கிறது என்று பக்கத்தில் போய்க் கத்தினேன். "அவருக்குப் பலமில்லம்மா!"

"ஆமாங்கண்ணு" என்று அம்மா சிரித்தாள். அதை ஏன் அத்தனை சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.